சமூகவியலில் இளங்கலை–முதுகலை இணைப்புப் படிப்பு: நிலைப்பாட்டு அறிக்கை

பொருளும் நிலைப்பாடும்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர் இளங்கலையையும் முதுகலையையும் தொடர்ச்சியாகப் படித்து முடிக்கும் இணைப்பு வழி, இந்தியச் சமூகவியலில் இன்று இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று, பத்துப் பருவங்கள் கொண்ட ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.ஏ. மற்றொன்று, நான்காண்டு ஆனர்ஸ் பட்டமும் அதையடுத்து ஓராண்டு எம்.ஏ.வும் கொண்ட 4+1 முறை. மூன்றாண்டு பி.ஏ., இரண்டாண்டு எம்.ஏ. என்ற பழைய 3+2 முறையும் கூட்டினால் ஐந்து ஆண்டுதான். ஆகவே இந்தியாவில் இணைப்புப் படிப்பால் ஓராண்டுகூட மிச்சமாவதில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே இளங்கலை நான்கு ஆண்டு, முதுகலை பெரும்பாலும் இரண்டு ஆண்டு. இளங்கலையின் கடைசி ஆண்டிலேயே முதுகலைப் பாடங்கள் சிலவற்றைப் படித்து இரு பட்டங்களுக்கும் கணக்கில் சேர்த்துக்கொள்ளப் பல பல்கலைக்கழகங்கள் இடம் தருவதால், ஆறு ஆண்டுப் படிப்பு ஐந்தாண்டில் முடிகிறது. காலமும் கட்டணமும் குறைகின்றன என்ற அந்த நாட்டு வாதம் இங்கே பொருந்தாது.

இங்கே இணைப்பால் கிடைக்கக்கூடிய பலன், ஒரே பாடத்தை இரண்டு முறை படிப்பது நின்றுபோவது. அதனால் விடுபடும் பருவங்கள் களப்பணிக்குச் சென்றால் இணைப்புப் படிப்புக்குப் பொருள் உண்டு. செல்லாவிட்டால், பழைய படிப்புக்குப் புதிய பெயர் வைத்ததாகவே அது முடியும்.

இந்த அடிப்படையில் இவ்வறிக்கையின் நிலைப்பாடு இது: சமூகவியலில் இணைப்புப் படிப்பு ஒரு விருப்ப வழியாக வரவேற்கப்பட வேண்டும், 3+2 முறை அதன் பொருட்டு நீக்கப்படக் கூடாது, மூன்றாம் ஆண்டு முடிவில் முழு மதிப்புள்ள பட்டத்தோடு வெளியேறும் உரிமையும், நான்காம் ஆண்டில் பிற கல்லூரிகளிலிருந்து வந்து சேரும் வாய்ப்பும் எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும், முழு ஓராண்டுக் களப்பணி இல்லாத எந்த இணைப்புப் படிப்பும் சமூகவியல் முதுகலை என்ற பெயருக்கு உரியதாகாது.

பின்னணி

இந்தியாவில் சமூகவியல் முதுகலையில் தொடங்கி, பின்னரே இளங்கலைக்கு இறங்கி வந்த பாடம். 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் கெடஸ் தலைமையில் தொடங்கிய துறையும், 1959இல் எம்.என். சீனிவாஸ் டெல்லிப் பொருளாதாரப் பள்ளியில் உருவாக்கிய துறையும் முதுகலையையும் ஆய்வையும் மையமாகக் கொண்டவை. எம்.ஏ.வில் சேர்கிறவர் இளங்கலையில் இப்பாடத்தைப் படித்திருப்பார் என்று அப்போது எதிர்பார்க்க முடியாது. அதனால் எந்தப் பட்டதாரியும் சேரக்கூடிய படிப்பாகவே எம்.ஏ. வடிவம் பெற்றது. அந்த வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் இன்றும் தொடர்கிறது. வரலாறோ வணிகவியலோ படித்தவருக்கு அது நல்ல வாசல். ஆனால் பி.ஏ. சமூகவியல் படித்து வந்தவர் அதே வகுப்பில் உட்கார்ந்து குடும்பம், சாதி, வர்க்கம் ஆகியவற்றின் வரையறைகளையும், மார்க்ஸ், துர்க்கைம், வெபர் அறிமுகத்தையும் இரண்டாம் முறை படிக்கிறார். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ ஓராண்டு அப்படியே கழிகிறது.

நான்காண்டு இளங்கலை டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2013இல் அறிமுகமாகி, எதிர்ப்புக்குப் பின் 2014இல் திரும்பப் பெறப்பட்டது. 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை அதை மீண்டும் முன்வைத்தது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட கட்டமைப்பின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டுப் பட்டத்துக்கு 160 கிரெடிட். முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றவர்களே நான்காம் ஆண்டில் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் பிரிவுக்குச் செல்லலாம். 2024இல் முதுகலைக்கான கட்டமைப்பு வந்து, ஓராண்டு, இரண்டாண்டு, ஐந்தாண்டு ஒருங்கிணைந்தது என்ற மூன்று வகைகளையும் ஏற்றது. கேரளப் பல்கலைக்கழகங்கள் 2024–25 கல்வியாண்டில் நான்காண்டு முறைக்கு மாறின. தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களின் கலைப் படிப்புகளில் மூன்றாண்டு இளங்கலையே தொடர்கிறது. இலங்கையில் மூன்றாண்டுப் பொதுப் பட்டமும், ஒரு பாடத்தை ஆழ்ந்து படிப்போருக்கான நான்காண்டுச் சிறப்புப் பட்டமும் அருகருகே இயங்கி வந்திருக்கின்றன. யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களின் சமூகவியல் மாணவர்களுக்கு அது பழகிய முறை.

ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முறையில் நாட்டுக்குப் போதிய அனுபவம் உண்டு. ஐதராபாத் பல்கலைக்கழகம் சமூகவியல் உள்ளிட்ட சமூக அறிவியல் பாடங்களில் இத்தகைய எம்.ஏ.வை நடத்தியுள்ளது. சென்னை ஐ.ஐ.டி. 2006இல் மேம்பாட்டியலிலும் ஆங்கிலத்திலும் ஐந்தாண்டு எம்.ஏ. தொடங்கியது, பின்னர் 2023இல் அதைக் கைவிட்டு இரண்டாண்டு எம்.ஏ.வுக்கு மாறியது. வசதியும் ஆசிரியர் பலமும் உள்ள நிறுவனங்களே இருவேறு முடிவுகளுக்கு வந்திருக்கும்போது, ஒரே வடிவத்தை எல்லாக் கல்லூரிகளுக்கும் விதியாக்குவது முறையாகாது.

களப்பணிக்கான காலம்

சமூகவியல் மாணவர் கற்க வேண்டியவற்றில் வகுப்பறைக்குள் கிடைக்காதது களப்பணி. இன்றைய இரண்டாண்டு எம்.ஏ.வில் அதற்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் கடைசிப் பருவம் மட்டும். டிசம்பரில் தலைப்பு ஒப்புதல், ஜனவரியில் வினாப்பட்டியல், பிப்ரவரியில் ஐம்பதோ நூறோ பேரிடம் அதை நிரப்பி வாங்குவது, மார்ச்சில் அட்டவணைகள், ஏப்ரலில் பைண்டிங்கும் வாய்மொழித் தேர்வும். இடையில் மற்றப் பாடங்களின் உள்மதிப்பீட்டுத் தேர்வுகளும் அரியர் தாள்களும் வரும். இந்த நெருக்கடியில் எழுதப்படும் ஆய்வேடு, கேட்ட கேள்விக்கு வந்த பதில்களின் எண்ணிக்கையாக நின்றுவிடுகிறது. பதில் சொன்னவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று அறிய மீண்டும் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போக நேரமில்லை.

காவிரிப் படுகையில் ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டால் குறை தெளிவாகும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மட்டும் அங்கே செல்லும் மாணவர் காண்பது பொங்கல், சம்பா அறுவடை, நெல் கொள்முதல் நிலையத்தின் வரிசை, பிறகு தரிசாகக் கிடக்கும் வயல். வழக்கமாக ஜூன் 12 என்று குறிக்கப்படும் மேட்டூர் அணைத் திறப்பை ஒட்டி ஊர் பரபரப்பாவதை அவர் பார்ப்பதில்லை. குறுவை நடவுக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் போகிறார்கள், முன்பணம் யார் தருகிறார்கள், இயந்திர நடவு வந்த பின் பெண்களின் கூலி நாட்கள் என்னவாயின என்பவை அவர் குறிப்பேட்டில் இடம்பெறா. ஆடி மாதக் கோயில் திருவிழாவில் வரி வசூலிக்கும் பட்டியலில் யார் பெயர் உண்டு, யார் பெயர் இல்லை என்பது ஊரின் சாதி அமைப்பைப் பல வினாப்பட்டியல்களைவிடத் தெளிவாகக் காட்டும். அதையும் அவர் தவறவிடுகிறார். திருப்பூரை எடுத்துக்கொண்டாலும் இதே நிலைதான். தீபாவளிக்கு முந்தைய போனஸ் பேச்சுவார்த்தையும், பண்டிகைக்கு ஊர் சென்ற தொழிலாளர் திரும்பும் வாரங்களும் ஒற்றைப்படைப் பருவத்தில் வருகின்றன. ஆய்வேட்டுக் காலமோ இரட்டைப்படைப் பருவத்தில். ஓர் ஊரின் ஓராண்டைச் சுற்றிப் பார்க்காமல் அவ்வூரின் உறவுகளைப் புரிந்துகொள்ள முடியாது.

மாணவர்களின் கள ஆய்வு எவ்வளவு மதிப்பு மிக்கதாக முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கிராம ஆய்வில் ஈடுபடுத்தி, அந்தக் குறிப்புகளை 1918இல் ஒரு நூலாக வெளியிட்டார். அதில் இடம்பெற்ற ஊர்களில் ஒன்று, அன்றைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த இருவேல்பட்டு. அதே ஊர் 1930களில் மறு ஆய்வுக்கு உள்ளானது. 1980களின் தொடக்கத்திலும், பின்னர் 2008இலும் ஆய்வாளர்கள் அங்கே சென்றனர். நிலவுடைமை, கூலி உறவு, சாதி அதிகாரம் ஆகியவை ஒரு நூற்றாண்டில் எப்படி மாறின என்பதை ஒரே ஊரில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இதனால் கிடைத்தது. தொடக்கம் போட்டவை மாணவர்களின் குறிப்பேடுகள். ஆந்த்ரே பெத்தேல் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்ந்து 1965இல் வெளியிட்ட நூலும், சாதியும் வர்க்கமும் அதிகாரமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கியதை மாதக்கணக்கில் ஊரில் இருந்து கண்டறிந்ததாகும்.

இணைப்புப் படிப்பில் அறிமுகப் பாடங்கள் முதல் மூன்று ஆண்டுகளிலேயே முடிந்துவிடுகின்றன. நான்காம் ஆண்டைக் கோட்பாட்டுக்கும் ஆய்வு முறைக்கும் வைத்துக்கொண்டு, அதன் கோடை விடுமுறை தொடங்கி ஐந்தாம் ஆண்டு முழுவதையும் களத்துக்கும் எழுத்துக்கும் தர முடியும். எம்.ஃபில். பட்டத்தை மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் நிறுத்திவிட்ட நிலையில் இது மேலும் அவசியமாகிறது. தமிழ்நாட்டில் ஏராளமானோர் ஆய்வு என்றால் என்னவென்று முதன்முறை கற்றுக்கொண்டது எம்.ஃபில்.லில்தான். அந்தப் பொறுப்பை இனி முதுகலைதான் சுமக்க வேண்டும். நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர் எம்.ஏ. இல்லாமலே முனைவர் பட்டத்துக்குச் சேரலாம் என்று அதே விதிமுறைகள் அனுமதிக்கின்றன. களப் பயிற்சி இல்லாமல் நேரே முனைவர் ஆய்வுக்குள் நுழையும் மாணவர் இடையிலேயே தடுமாறுவார். சமூகவியலைப் பொறுத்தவரை இச்சலுகையைப் பரவலாகப் பயன்படுத்துவது உகந்ததன்று.

எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள்

முதல் கவலை, தேர்வு செய்யும் வயது. தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பில் சமூகவியல் வழக்கமாகக் கற்பிக்கப்படும் பாடம் அன்று. பி.ஏ. சமூகவியலில் சேர்பவர்களில் பெரும்பாலோர் பாடத்தின் பெயரையே கலந்தாய்வின்போதுதான் அறிகின்றனர். பதினேழு வயதில், ஒரு பக்கமும் படித்தறியாத பாடத்தில் ஐந்தாண்டுக்கு ஒப்புக்கொடுக்கச் சொல்வது நியாயமாகாது. முதல் இரண்டு ஆண்டுகளைப் பொதுவாக வைத்து, இணைப்பு வழியில் தொடர்வதா என்பதை நான்காம் பருவத்தின் முடிவில் மாணவரே தீர்மானிக்க விடுவதே முறை.

இரண்டாவது, இடையில் நிற்க நேர்பவர்கள். 2021–22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டின் விகிதம் 47. இந்த வளர்ச்சியைத் தாங்கி நிற்பவர்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். தந்தையின் உடல்நலக் குறைவோ, தங்கையின் படிப்புச் செலவோ, திருமணப் பேச்சோ மூன்றாம் ஆண்டில் படிப்பை நிறுத்தச் செய்யும்போது அவர்கள் கையில் பட்டம் இருக்க வேண்டும். ஓராண்டில் சான்றிதழ், ஈராண்டில் டிப்ளமோ என்ற பல்நிலை வெளியேற்றம் இதற்கு மாற்றாகாது. வேலைச் சந்தையில் எடையில்லாத அந்தத் தாள்கள், வெளியேறுவதை எளிதாக்குமே தவிர வெளியேறியவரைக் காப்பாற்றாது. மூன்றாண்டு முடிவில் பி.ஏ. என்பதே உறுதியான முதல் தளம்.

உதவித்தொகை இதனோடு ஒட்டியது. அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. இரண்டும் இளங்கலைக் காலத்தைக் கருதி அமைந்தவை. ஐந்தாண்டுப் படிப்பில் நான்காம் ஆண்டுக்குள் நுழையும் மாணவி அந்த ஆயிரம் ரூபாயை இழந்தால், பேருந்துச் செலவுக்கும் விடுதிச் சாப்பாட்டுக்கும் வேறு வழி தேட வேண்டியிருக்கும். களப்பணி ஆண்டில் செலவு கூடும். உதவி குறையக் கூடாது.

மூன்றாவது, கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்கும் இடையிலுள்ள வழி. தமிழ்நாட்டில் இளங்கலை பெரும்பாலும் கல்லூரிகளிலும், முதுகலையின் கணிசமான பகுதி மனோன்மணியம் சுந்தரனார், அண்ணாமலை, பாரதிதாசன், பெரியார் போன்ற பல்கலைக்கழகங்களின் துறைகளிலும் நடக்கின்றன. துறைகள் தம் ஐந்தாண்டு மாணவர்களைக் கொண்டே முதுகலை இடங்களை நிரப்பிக்கொண்டால், சிற்றூர்க் கல்லூரியில் பி.ஏ. முடித்தவருக்குக் கதவு மூடிவிடும். பதினேழு வயதில் பல்கலைக்கழகத்தைத் தேடி வரத் தெரிந்தவர்களுக்கு மட்டும் முதுகலை என்ற நிலை, சமூக ஏற்றத்தாழ்வை ஆராயும் பாடத்துக்கே முரணானது. 69 விழுக்காடு இடஒதுக்கீடும் முதலாண்டுச் சேர்க்கையோடு முடிந்துவிடக் கூடாது. இடையில் காலியாகும் இடங்களிலும் நான்காம் ஆண்டுச் சேர்க்கையிலும் இனச்சுழற்சி பின்பற்றப்பட வேண்டும்.

நான்காவது, பட்டத்தின் ஏற்பு. இளங்கலைப் பட்டம் இல்லாமல் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் வழியே பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஒரு தரப்பாக இருந்த வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருங்கிணைந்த படிப்பு முறைப்படி நடத்தப்படுவது. அதன் நிலை வேறு. ஆனாலும் பணித் தேர்வுகளில் 10+2+3 வரிசையைச் சரிபார்க்கும் அலுவலர் முன் எம்.ஏ. சான்றிதழ் ஒன்றை மட்டும் நீட்டும் விண்ணப்பதாரர், இணைத்தன்மைச் சான்றுக்காக அலைய நேரும். பி.ஏ., எம்.ஏ. இரண்டும் தனித்தனிச் சான்றிதழாகவே வழங்கப்பட்டால் இந்தத் தொல்லை எழாது.

ஐந்தாவது, ஆசிரியர். ஒரே துறையில் ஐந்து ஆண்டு மாணவர்களும் ஒருசேர இருக்கும்போது வேலைப்பளு கூடுகிறது. நிரந்தரப் பணியிடங்கள் காலியாக இருக்க, கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே இணைப்புப் படிப்பு தொடங்கப்படுமானால், களப்பணியை மேற்பார்வையிட ஆளிருக்காது. மேற்பார்வையற்ற களப்பணி மாணவருக்குப் பயனற்றது. ஆய்வுக்குள்ளாகும் மக்களுக்கும் ஊறு செய்யக்கூடியது. சாதிப் பூசல் நடந்த ஊரிலும், கடன் சுமையால் தவிக்கும் குடும்பத்திலும் எதைக் கேட்கலாம், எதை எழுதக் கூடாது, யார் பெயரை மறைக்க வேண்டும் என்பதை உடனிருந்து கற்றுத்தர அனுபவமுள்ள ஆசிரியர் வேண்டும்.

பரிந்துரைகள்

மேற்கண்ட காரணங்களால், இணைப்புப் படிப்பைத் தொடங்கும் அல்லது நடத்தும் ஒவ்வொரு துறையும் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. இணைப்பு வழி விருப்பத்துக்குரியது. அதே பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு பி.ஏ.வும் இரண்டாண்டு எம்.ஏ.வும் தொடர வேண்டும். பிற பாடங்களில் பட்டம் பெற்றுச் சமூகவியலுக்கு வருவோருக்கு இரண்டாண்டு எம்.ஏ. மட்டுமே வாசல்.

2. இணைப்பில் தொடரும் முடிவை மாணவர் நான்காம் பருவத்தின் இறுதியில் எடுக்க வேண்டும். தேர்வு மதிப்பெண்ணை மட்டும் தகுதியாகக் கொள்ளாமல், மாணவர் எழுதிய சிறு கள அறிக்கையையும் நேர்முகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் தலைமுறை மாணவர்களைப் பொறுத்தவரை 75 விழுக்காடு என்ற ஒற்றை வரம்பு, திறமையைவிடப் பள்ளியின் வசதியையே அதிகம் அளக்கிறது.

3. ஆறாம் பருவ முடிவில் பி.ஏ. பட்டம் தனியாக வழங்கப்பட வேண்டும். தொடராதவர் மீது அபராதக் கட்டணமோ, சான்றிதழ்களை நிறுத்திவைப்பதோ கூடாது.

4. நான்காம் ஆண்டு இடங்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, பிற கல்லூரிகளில் பி.ஏ. சமூகவியல் முடித்து வருவோருக்கு ஒதுக்கப்பட வேண்டும்.

5. ஐந்தாம் ஆண்டு முழுவதும் களப்பணிக்கும் ஆய்வேட்டுக்கும் உரியது. அதில் எழுத்துத் தேர்வுப் பாடங்கள் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. வீட்டுவாரிக் கணக்கெடுப்பு, உறவுமுறை வரைபடம், வாழ்க்கை வரலாற்று நேர்காணல், ஆவணக் காப்பக வேலை ஆகியவற்றோடு, மக்கள்தொகைக் கணக்கு, தேசிய மாதிரி ஆய்வு, தேசியக் குடும்பநல ஆய்வு ஆகியவற்றின் தரவுகளைக் கையாளும் பயிற்சியும் அதற்கு முந்தைய ஆண்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

6. ஆய்வேட்டைத் தமிழில் எழுதும் உரிமை தடையின்றி இருக்க வேண்டும். தமிழில் நேர்காணல் எடுத்து, தமிழில் குறிப்பெழுதி, ஆங்கிலத்தில் எழுதும்போது மக்கள் சொன்னதில் பெரும்பகுதி கரைந்துபோகிறது. ஆய்வுக்குள்ளான ஊரார் படித்துப் பார்க்கக்கூடிய சுருக்கம் ஒன்றைத் தமிழில் தருவது எல்லோருக்கும் கட்டாயமாக வேண்டும்.

7. மாணவர்களின் களக் குறிப்புகள் பெயர்கள் நீக்கப்பட்டுத் துறையிலேயே பாதுகாக்கப்பட வேண்டும். பிற்காலத்தில் அதே ஊருக்குச் செல்வோர் ஒப்பிட்டுப் பார்க்க அவை பயன்படும்.

8. நிரந்தர ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையிடும் களப்பணி மாணவர் ஐவருக்கு மேற்படக் கூடாது. அத்தனை ஆசிரியர் இல்லாத துறை, இணைப்புப் படிப்பைத் தொடங்காதிருப்பதே நேர்மை.

மாநில அரசு, இணைப்புப் படிப்பின் நான்காம், ஐந்தாம் ஆண்டுகளுக்கும் மாத உதவித்தொகையை நீட்டித்து, களப்பணிப் பயணப்படியையும் சேர்த்து வழங்க வேண்டும். பி.ஏ., எம்.ஏ. சான்றிதழ்கள் தனித்தனியே தரப்படும் இணைப்புப் பட்டங்களுக்கு ஒரே அரசாணையில் இணைத்தன்மை அளித்தால், ஒவ்வொரு விண்ணப்பதாரரும் தனித்தனியே மனு போட வேண்டியிராது. பல்கலைக்கழக மானியக் குழு, நான்காண்டு முறையை ஏற்காத மாநிலங்களின் மூன்றாண்டுப் பட்டதாரிகளுக்கு நிதிநல்கையிலும் ஆய்வுச் சேர்க்கையிலும் எந்தக் குறைவும் நேராது என்று எழுத்துபூர்வமாக உறுதி தர வேண்டும். கல்லூரிகள், இளங்கலையின் மூன்றாம் ஆண்டிலேயே ஒரு வார கால ஊர்த்தங்கலை ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்குப் புதிய விதியோ பெரிய நிதியோ தேவையில்லை.

இணைப்புப் படிப்பைத் தொடங்கியுள்ள துறைகள் ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் ஆய்வேடுகளை வெளித் தேர்வாளர்களைக் கொண்டு மதிப்பிட்டு, இரண்டாண்டு எம்.ஏ. மாணவர்களின் ஆய்வேடுகளோடு ஒப்பிட்டு, முதல் அணி வெளியேறிய ஓராண்டுக்குள் முடிவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும். எத்தனை பேர் மூன்றாம் ஆண்டில் வெளியேறினர், அவர்களில் பெண்களும் பட்டியலினத்தவரும் முதல் தலைமுறையினரும் எத்தனை பேர், வெளியிலிருந்து சேர்ந்தவர்கள் எப்படிப் படித்தனர் என்ற விவரங்களும் அதில் இடம்பெற வேண்டும். களப்பணியின் தரம் உயர்ந்து, வெளியேறியோர் நட்டமடையாதிருந்தால் இணைப்பு வழியை மற்றத் துறைகளுக்கும் விரிக்கலாம். இரண்டில் ஒன்று தவறினாலும் புதிய சேர்க்கையை நிறுத்தி, 3+2 முறையில் எம்.ஏ.வின் இரண்டாம் ஆண்டைக் களப்பணி ஆண்டாக மாற்றியமைப்பதே மாணவர்களுக்குச் செய்யும் நன்மை.